பழைய அச்சோவியத்தில் ஒரு நிலக்காட்சியைப் படிப்பது எப்படி? ரெம்பிராண்டின் ‘மூன்று மரங்கள்’ துணையோடு ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய அச்சுப் படம் ஒன்றை யாரிடமாவது காட்டிப் பாருங்கள். மரம், வயல், தூரத்தில் ஓர் ஊர், மேலே வானம். “அழகா இருக்கு, அமைதியா இருக்கு” என்பார்கள். பத்து விநாடியில் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் அந்த அமைதி அங்கே எப்படி வந்தது? ஒருவர் செப்புத் தகட்டின் முன் உட்கார்ந்து, ஊசியால் ஆயிரக்கணக்கான கோடுகளைக் கீறி, எந்த இடத்தில் கீறக் கூடாது என்பதையும் முடிவு செய்து அதை உண்டாக்கியிருக்கிறார். அவர் எப்படிச் செய்தார் என்று பார்க்கப் பழகிவிட்டால், எதற்காகச் செய்தார் என்பது பாதிக்கு மேல் பிடிபட்டுவிடும்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1643இல் செய்த ‘மூன்று மரங்கள்’. அவருடைய நிலக்காட்சி அச்சுகளில் மிகப் பெரியது இதுதான். பல வருடமாகத் திரும்பத் திரும்பப் பார்த்துவருகிறேன், இன்னும் முடிந்தபாடில்லை. இதில் பழகும் முறையை வேறு எந்தப் பழைய அச்சுக்கும் நீங்கள் பயன்படுத்தலாம்.

தயாராவது

ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரெய்க்ஸ் மியூசியம், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியம் இரண்டிலும் இந்த அச்சின் பிரதி இருக்கிறது. இரண்டின் இணையதளத்திலும் பெரிய அளவுப் படம் இலவசமாகக் கிடைக்கும். இறக்கிக்கொள்ளுங்கள். அசல் ஏறக்குறைய 21 சென்டிமீட்டர் உயரம், 28 சென்டிமீட்டர் அகலம். அதாவது படுக்கவைத்த ஏ4 தாளுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு. இது நமக்குப் பெரிய வசதி. ஏ4 தாளில் பிரின்ட் எடுத்தால் ரெம்பிராண்டின் வாடிக்கையாளர் கையில் பிடித்திருந்த அளவிலேயே நீங்களும் பார்க்கலாம். பளபளப்புத் தாள் வேண்டாம், சாதாரணத் தாளே போதும்.

கூடவே ஒரு ஸ்கேல், பென்சில், நோட்டு, டிரேசிங் தாள் இருக்கட்டும். நுணுக்கம் பார்க்கக் கணினியில் பெரிதாக்கிக்கொள்ளலாம். அசல் அச்சு எதுவும் உங்களிடம் இருந்தால், நகைக்கடைக்காரர்கள் கல் பார்க்க வைத்திருக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். பத்து மடங்கு பெரிதாகக் காட்டினால் போதும்.

முதல் படி: பெயர் சொல்லுங்கள், கருத்துச் சொல்லாதீர்கள்

தாளைக் கையில் எடுத்துப் பதினைந்து நிமிடம் பாருங்கள். படத்தைப் பற்றி எதுவும் படிக்காதீர்கள். கண்ணில் படுவதையெல்லாம் நோட்டில் எழுதுங்கள், பெயர்ச்சொற்களாக மட்டும். “மூன்று மரம். மேடு. தண்ணீர். மேகம். சாய்ந்த கோடுகள். தூரத்தில் ஊர். மாடுகள்.” இப்படி. “சோகமான”, “தனிமையான” என்று ஒரு சொல் வந்தால் உடனே அடித்துவிடுங்கள். அதற்கு நேரம் பின்னால் வரும்.

இந்த வரிசையை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தொல்காப்பியம் அகப்பாட்டுக்கு வகுத்த முறைதான். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் இருக்கும் மரம், விலங்கு, பறவை, தொழில் எல்லாம் கருப்பொருள். மனிதர் மனதில் நடப்பது உரிப்பொருள். பாட்டுக்கு உயிர் உரிப்பொருள்தான், ஆனாலும் இலக்கணம் நிலத்திலிருந்து தொடங்கி அதை நோக்கிப் போகிறது. டச்சுக்காரர் ஒருவர் கீறிய படத்துக்கும் இந்த ஒழுங்கு கைகொடுக்கும். உணர்ச்சியை முதலில் முடிவு செய்துவிட்டால், அதற்கு ஒத்துவராத எதையும் கண் பார்க்க மறுக்கும்.

முதல் நாள் என் நோட்டில் ஒன்பது பெயர்கள்தான் இருந்தன. நான்காம் நாள் இருபதைத் தாண்டிவிட்டது. படத்தின் முக்கியமான இரண்டு பேரை அந்த நான்காம் நாளில்தான் பார்த்தேன். அவர்களிடம் பிறகு வருகிறேன்.

இரண்டாம் படி: கோட்டைப் படியுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். எழுத்து தெரியாமல் கவிதை படிக்க முடியாதது போல, கோட்டின் வகை தெரியாமல் அச்சோவியம் படிக்க முடியாது.

செப்புத் தகட்டில் கோடு போட மூன்று வழிகள் உண்டு. முதலாவது எங்கிரேவிங். பியூரின் என்ற கூர்மையான சின்ன உளியை உள்ளங்கையால் தள்ளிச் செம்பைச் செதுக்கி எடுப்பது. உளி உள்ளே இறங்கும்போது கோடு மெலிதாகத் தொடங்கும், ஆழம் கூடக்கூடத் தடிக்கும், வெளியே வரும்போது மறுபடி ஊசி முனையாக முடியும். இரு நுனியும் கூராக இருந்தால் அது பெரும்பாலும் உளிக்கோடு. இதைத் தள்ளிச் செதுக்க உடல்பலம் வேண்டும். அதனால் கோட்டில் ஒரு கட்டுப்பாடும் விறைப்பும் இருக்கும்.

இரண்டாவது எட்சிங். தகட்டின் மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சைப் பூசி, அதன்மேல் ஊசியால் வரைவார்கள். பேனாவால் தாளில் வரைவது மாதிரி கை தாராளமாக ஓடும். பிறகு தகட்டை அமிலத்தில் இட்டால், பூச்சு விலகிய இடத்தில் மட்டும் அமிலம் செம்பை அரிக்கும். கோட்டின் தடிமன் ஏறக்குறைய ஒரே சீராகவும், நுனி மழுங்கியும் இருக்கும். சிறிது நேரம் அரித்தால் மெல்லிய கோடு, நெடுநேரம் அரித்தால் தடித்த கோடு.

மூன்றாவது டிரைபாயிண்ட். பூச்சும் இல்லை, அமிலமும் இல்லை. ஊசியால் நேரே செம்பைக் கீறுவது. உழும்போது சால் ஓரத்தில் மண் ஒதுங்குவது போல, கீறலின் ஓரத்தில் செம்புப் பிசிறு எழும்பி நிற்கும். அந்தப் பிசிறு மையைப் பிடித்துவைத்துக்கொள்வதால் அச்சில் கோடு கரிய வெல்வெட் போல ஓரம் கசிந்து விழும். அழகு அதுதான், ஆனால் ஆயுள் குறைவு. அச்சு எடுக்கும் உருளை அழுத்த அழுத்தப் பிசிறு நசுங்கி, சில பத்துப் பிரதிகளிலேயே தேய்ந்துவிடும்.

‘மூன்று மரங்கள்’ படத்தில் ரெம்பிராண்ட் இந்த மூன்றையும் கலந்திருக்கிறார். அடிப்படை எட்சிங். அதன்மேல் டிரைபாயிண்டும் உளியும். இப்போது கணினியில் மேல் இடது மூலையைப் பெரிதாக்குங்கள். ஸ்கேல் வைத்து இழுத்தது போலச் சில கனத்த கோடுகள் சாய்வாக இறங்குகின்றன. மழை. அதன் பக்கத்திலேயே மேகம் சுருள் சுருளாக, கை தாராளமாகச் சுழன்று வரைந்த கோடு. மேகத்துக்கு ஒரு கை, மழைக்கு ஒரு கை. மழையை இவ்வளவு விறைப்பாகப் போட்டதைப் பார்க்கும்போது, அது மேகத்தோடு சேர்ந்த பொருள் மாதிரியே தெரியவில்லை. திரைச்சீலையை ஒரு பக்கமாக இழுத்துவிட்டது போல இருக்கிறது.

டிரேசிங் தாளை வைத்து இந்த மூலையை மட்டும் ஒரு முறை பென்சிலால் நகல் எடுத்துப் பாருங்கள். உங்கள் மணிக்கட்டே இரண்டு வகைக் கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.

மூன்றாம் படி: வெள்ளை எங்கே இருக்கிறது?

இந்த அச்சில் வெள்ளை மை கிடையாது. தகட்டில் மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துணியால் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைக்குள் விடுவார்கள். கீறல்களில் தங்கிய மை தாளுக்கு ஏறும். கீறாத இடம் வெறும் தாளாக நிற்கும். ஆகவே படத்தில் தெரியும் வெளிச்சம் முழுவதும் ஓவியர் தொடாமல் விட்ட இடம்.

பென்சிலை எடுத்து, பிரின்ட் தாளில் கோடே இல்லாத பகுதிகளைச் சுற்றிக் கோடிடுங்கள். இந்தப் படத்தில் பெரிய வெள்ளை, மரங்களுக்குப் பின்னால் வலப்பக்க வானத்தில் இருக்கிறது. இடது மேல்மூலையில் அவ்வளவு கோடுகள். வலப்பக்கம் வரவர அவை குறைந்து, கடைசியில் ஒன்றுமே இல்லாத தாள். அந்த வெறும் தாளுக்கு முன்னால் மூன்று மரங்களும் அடர்ந்த கருமையில் நிற்கின்றன. ‘அமைதியா இருக்கு’ என்று நம்மைச் சொல்லவைத்தது, ஊசி போகாத அந்தக் கையகல இடம்தான். அதை உங்கள் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள். படம் முழுக்கப் புயலாக மாறிவிடும். கையை எடுங்கள், மூச்சு திரும்பி வரும்.

எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த சோதனை இது. ஒரு நிலக்காட்சியின் அமைதி எந்த இடத்தில் குடியிருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்ட முடியும் என்பதை இதில்தான் கற்றுக்கொண்டேன்.

நான்காம் படி: அடிவானத்தை அளந்து பாருங்கள்

ஸ்கேலை எடுத்து, தாளின் அடியிலிருந்து அடிவானம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பாதிக்கும் மேல் வானமே இருப்பது தெரியும். அடிவானம் தாழ்வாக இருந்தால் பார்ப்பவர் தரையில் நிற்கிறார். உயரமாக இருந்தால் மலையிலோ மாடியிலோ நின்று கீழே பார்க்கிறார். இங்கே நாம் வயல்வெளி மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு கரையோரமாக நிற்கிறோம்.

ஹாலந்தில் இது இயல்பு. அந்த நாட்டில் மலை இல்லை. நிலத்தின் பெரும்பகுதி தட்டை, பல இடங்கள் கடல்மட்டத்துக்கும் தாழ்வு. ஏரிகளில் இருந்த தண்ணீரைக் காற்றாலைகளால் இறைத்து வெளியேற்றி, சுற்றிலும் கரை கட்டி, அடிநிலத்தை வயலாக்கினார்கள். பேம்ஸ்டர் என்ற பெரிய ஏரி 1612இல் அப்படித்தான் நிலமானது. எனவே டச்சு அச்சில் ஒரு சின்ன மேட்டைக் கண்டாலும் “இது மனிதர் போட்ட கரையா?” என்று கேளுங்கள். அங்கே அமைதியான வயல் என்பது தண்ணீரோடு தினமும் போராடிக் காத்த வயல்.

ஐந்தாம் படி: உள்ளே நடந்து போய் ஆட்களைத் தேடுங்கள்

பழைய அச்சோவியங்களை அந்தக் காலத்தில் பலர் சுவரில் மாட்டவில்லை. ஆல்பத்தில் வைத்து, மேசையில் விரித்தோ கையில் பிடித்தோ பார்த்தார்கள். ஒரு சாண் தூரத்தில் கண். அதனால் செதுக்கியவர் துணிந்து ஆட்களை ஒளித்துவைக்க முடிந்தது.

இடப்பக்கக் கீழ்மூலையிலிருந்து தொடங்குங்கள். நீர்நிலை. கரையில் ஒருவர் தூண்டில் போட்டு நிற்கிறார். பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மேலே வானம் கறுத்துக் கிடக்கிறது, இவர்கள் எழுந்திருக்கும் உத்தேசத்தில் இல்லை. அங்கிருந்து கண்ணை வயல்வெளிக்குக் கொண்டுபோங்கள். மாடுகளும் ஆட்களும் புள்ளி புள்ளியாக இருக்கிறார்கள். இரண்டு மூன்று கீறல் சேர்ந்தால் ஒரு மாடு. பெரிதாக்கிப் பார்த்தால் மாடு மறைந்து கீறல் மட்டும் மிஞ்சும், சிறிதாக்கினால் மறுபடி மாடு வந்துவிடும். அதற்கும் அப்பால் அடிவானத்தில் ஒரு நகரத்தின் விளிம்பு. அது ஆம்ஸ்டர்டாம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது.

இப்போது வலப்பக்கம். மரங்களுக்கு அப்பால் மேட்டின்மேல் ஆட்கள் நிறைந்த ஒரு வண்டி போகிறது. அதே மேட்டில் வலது ஓரமாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஏதோ வைத்து வரைந்துகொண்டிருக்கிறார். ஓவியர்! ஆனால் அவர் முகம் படத்துக்கு வெளியே, வலப்பக்கமாகத் திரும்பியிருக்கிறது. மழை, மரம், நகரம் எல்லாம் அவருக்குப் பின்னால் நடக்கின்றன.

கடைசியாக, வலது கீழ்மூலையில் உள்ள இருண்ட புதர். குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் அப்பிய இடம். கணினியில் நன்றாகப் பெரிதாக்கி, திரையின் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். இலைகளுக்கு நடுவே முதலில் ஒரு முகம் போல ஏதோ தெரியும், பிறகு ஒரு தோள், பிறகு இன்னொருவர். காதலர்கள். நான்காம் நாள் எனக்கு அகப்பட்டவர்கள் இவர்கள்தான். புதரின் கோடும் அவர்கள் உடம்பின் கோடும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், எது இலை, எது உடை என்று பிரிப்பதற்கே நேரம் பிடிக்கிறது. ரெம்பிராண்ட் அவர்களை அவ்வளவு பத்திரமாக மறைத்திருக்கிறார். அவசரமாகப் பார்க்கிறவர்களுக்கு அவர்கள் இல்லவே இல்லை.

ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அப்புறம் இன்னொரு கேள்வி: யார் யாரைப் பார்க்கிறார்கள்? இந்தப் படத்தில் யாரும் மற்றவரைக் கவனிப்பதாகத் தெரியவில்லை. யாரும் வானத்தைக் கண்டு ஓடுவதாகவும் தெரியவில்லை. அவரவர் வேலையில் அவரவர்.

ஆறாம் படி: பொழுதும் வானிலையும்

மழை வருகிறதா, போகிறதா? எந்த நிலக்காட்சியிலும் இந்தக் கேள்வி உரிப்பொருளையே மாற்றிவிடும். வருகிற மழை என்றால் இந்த மனிதர்களின் நிம்மதி இன்னும் ஐந்து நிமிடம்தான். போகிற மழை என்றால் இது கழுவிவிட்ட மாலை.

சாட்சிகளைத் தேடுங்கள். மரங்கள் வளைந்திருக்கின்றனவா? இல்லை, நிமிர்ந்தே நிற்கின்றன. தூண்டில்காரர் பொருட்களைச் சுருட்டுகிறாரா? இல்லை. வெளிச்சம் எந்தப் பக்கம்? வலப்பக்கம், மழைக்கு எதிர்ப்பக்கம். இவற்றை வைத்துப் போகிற மழை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். வருகிற மழை என்று வாதாடவும் இடம் இருக்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும், படத்துக்குள் இருக்கும் ஒரு கோட்டையாவது சாட்சியாகக் காட்ட வேண்டும். அதுதான் நிபந்தனை.

ஏழாம் படி: கண்ணாடியில் பாருங்கள்

தகட்டில் வரைந்தது தாளில் இடம் வலமாக மாறி விழும். ரெம்பிராண்டே 1640 வாக்கில் ஆம்ஸ்டர்டாமின் நகர விளிம்பை ஓர் அச்சில் வரைந்தார். அதில் நகரம் இடம் வலம் மாறித்தான் அச்சாகியிருக்கிறது. அதை அவர் திருத்த முயலவில்லை. ஆகவே பழைய அச்சை வைத்துக்கொண்டு “இந்தக் கோபுரம் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தது” என்று அடித்துச் சொல்லும் முன் யோசியுங்கள்.

போனில் படத்தை இடவலம் திருப்பிப் பாருங்கள். செப்புத் தகட்டில் அவர் கண்ட காட்சி அது. இப்போது மரங்கள் இடப்பக்கம், மழை வலப்பக்கம். இடமிருந்து வலமாகப் படித்துப் பழகிய கண், மரத்தில் தொடங்கி மழையில் போய் முடிகிறது. மனம் கனக்கிறது. அச்சில் இருப்பது போலத் திருப்பிவைத்தால் மழையில் தொடங்கி வெளிச்சத்துக்கு வந்து சேர்கிறோம். டச்சும் நம்மைப் போல இடமிருந்து வலமாக எழுதும் மொழிதான். அச்சில் எப்படி விழும் என்பதை மனதில் வைத்தே அவர் தகட்டில் வரைந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கீழ் இடது ஓரத்தில் மங்கலாகக் கிடக்கும் கையெழுத்தையும் ஆண்டையும் தேடிப் பாருங்கள். அது நேராகத் தெரிகிறது என்றால், செம்பில் அதைத் திருப்பி எழுதியிருக்கிறார் என்று அர்த்தம்.

எட்டாம் படி: இனிமேல் வரலாற்றைப் படியுங்கள்

இப்போதுதான் புத்தகத்தைத் திறக்க வேண்டும். 1643இல் ரெம்பிராண்டுக்கு 36, 37 வயது. முந்தைய ஆண்டில் ‘இரவுக் காவல்’ என்று அறியப்படும் பெரிய ஓவியத்தை முடித்திருந்தார். அதே 1642 ஜூனில் மனைவி சாஸ்கியா இறந்துபோனார். நாடு 1568 முதல் ஸ்பெயினோடு போரில் இருந்தது, இடையில் 1609 முதல் 1621 வரை போர்நிறுத்தம். சமாதானம் கையெழுத்தானது 1648இல். ஆக இந்த வயல்வெளி, போர் இன்னும் முடியாத ஒரு நாட்டின் வயல்வெளி. ஆம்ஸ்டர்டாம் அப்போது வேகமாகப் பெருத்துவந்த வணிக நகரம். நகர மதிலைத் தாண்டிக் கரையோரம் காலாற நடந்துவருவது அங்குள்ளவர்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. வண்டியில் போகிறவர்கள், தூண்டில்காரர், ஓவியர் எல்லோரையும் அந்தக் கண்ணோடு இன்னொரு முறை பாருங்கள்.

ஒன்பதாம் படி: உள்ளுறையைச் சோதியுங்கள்

மூன்று மரம் என்றதும் பலருக்கு இயேசுவை அறைந்த மலையில் இருந்த மூன்று சிலுவைகள் நினைவுக்கு வந்திருக்கின்றன. மேலே புயல், இருட்டு, ஒரு பக்கம் ஒளி என்று எல்லாம் பொருந்துகிறது. ரெம்பிராண்ட் பத்து வருடம் கழித்து, 1653இல், அந்த மூன்று சிலுவைகளையே பெரிய அச்சாகச் செய்தவர். இன்னொரு விளக்கம், இது மனைவியை இழந்தவரின் துயரம் என்பது.

சங்கப்பாட்டில் உள்ளுறை என்று ஒன்று உண்டு. வயலில் எருமை ஆம்பலை மேய்ந்தது என்று பாட்டு சொல்லும், பரத்தையிடம் போன தலைவனை அது குறிக்கும். ஆனால் எருமை உண்மையிலேயே எருமையாகவும் இருக்கும், ஆம்பலை மேயவும் செய்யும். நிலக்காட்சி அச்சிலும் இதே அளவுகோலை வைக்கிறேன். மறைபொருள் சொல்லுங்கள், ஆனால் மரத்தை மரமாக இருக்க விடுங்கள்.

மூன்று கேள்விகள் போதும். அந்த அர்த்தத்துக்கு ஆதாரம் தாளில் இருக்கிறதா? அந்தக் காலத்தவர் அப்படிப் படிக்கும் பழக்கம் உள்ளவர்களா? படத்தின் மற்ற பகுதிகள் அதற்கு ஒத்துழைக்கின்றனவா? சிலுவை விளக்கம் முதல் இரண்டில் ஓரளவு தேறும். மரங்கள் மூன்று, ஒளி பின்னால், பைபிள் அந்தச் சமூகத்தின் மூச்சு. மூன்றாவதில்தான் இடறுகிறது. சிலுவை மலையடியில் புதருக்குள் காதலர்கள் எதற்கு? முதுகைத் திருப்பிக்கொண்டு படம் வரைகிறவர் எதற்கு? உலகம் கவனிக்காமல் தன்பாட்டில் இருந்தது என்று ஒருவர் பதில் சொல்லலாம். அது நல்ல பதில், நான் மதிக்கிறேன். ஆனாலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை.

மனைவியின் மரணத்தோடு முடிச்சுப் போடும் விளக்கம் எனக்கு ஒப்பவே இல்லை. அந்தத் துயரத்துக்கு இந்தத் தாளில் ஒரு கோடுகூடச் சாட்சி இல்லை. தேதியை மட்டும் வைத்துக் கண்ணீரைத் தேடுவது, வாழ்க்கைக் குறிப்பைப் படமாகப் பார்ப்பது.

பத்தாம் படி: இன்னொரு அமைதியை அருகில் வையுங்கள்

ரோமில் வாழ்ந்த கிளாட் லொரேன் 1636இல் செய்த, மாடு மேய்ப்பவன் குழல் ஊதும் எட்சிங்கை எடுத்துப் பாருங்கள். மாடுகள் ஓடையில் இறங்குகின்றன, மரங்களுக்குப் பின்னால் ஒளி. அங்கே எதுவும் இடிக்காது, எதுவும் பயமுறுத்தாது. அது எந்த ஊரும் இல்லாத ஒரு பொற்காலம். அதைப் பார்த்துவிட்டு ‘மூன்று மரங்கள்’ பக்கம் திரும்பினால், இதன் அமைதிக்குள் எவ்வளவு அலைச்சல் இருக்கிறது என்று தெரியும்.

நம் ஊரோடு நேரடித் தொடர்புள்ள ஒன்று வேண்டுமென்றால் தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் இருவரின் அச்சுகள் இருக்கின்றன. 1792-93இல் சென்னையிலிருந்து கிளம்பித் தெற்கே சுற்றியவர்கள். 1795 முதல் 1808 வரை லண்டனில் இந்தியக் காட்சிகளாக 144 அச்சுகளை வெளியிட்டார்கள். அவற்றில் பொருநை என்ற தாமிரபரணியின் பாபநாசம் அருவியும் உண்டு. அவை அக்வாடின்ட் முறை. தகட்டில் பிசின் தூளைத் தூவி, துகள்களுக்கு இடையில் அமிலத்தை அரிக்கவிட்டால், கோட்டுக்குப் பதில் நீர்வண்ணம் போன்ற மென்மையான பரப்பு கிடைக்கும். அங்கே கூடுதலாகக் கேட்க வேண்டிய கேள்வி: இதை யார் காசு கொடுத்து வாங்கினார்கள்? லண்டன் வரவேற்பறையில் உட்கார்ந்து பார்ப்பவருக்குப் பொருநைக்கரை எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது? ரெம்பிராண்ட் தன் ஊர்க்காரருக்குத் தன் ஊரைக் காட்டினார். டேனியல்கள் அடுத்தவர் ஊரைத் தன் ஊர்க்காரருக்குக் காட்டினார்கள். இரண்டு அமைதியும் ஒரே அமைதி இல்லை.

உங்களிடம் அசல் அச்சு இருந்தால்

ஒரு பழைய பொருள் கடையில் சட்டமிட்ட நிலக்காட்சி ஒன்றை ‘இருநூறு வருடத்து எங்கிரேவிங்’ என்று சொன்னதை நம்பி வாங்கினேன். வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோடுகளே இல்லை, வரிசை வரிசையாகப் புள்ளிகள். இயந்திரத்தில் அச்சடித்த நகல். அன்றைக்கு மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்: வாங்கும் முன் லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

சட்டத்திலிருந்து எடுக்க முடிந்தால், படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய செவ்வகத் தடம் இருக்கிறதா என்று விரலால் மெல்லத் தடவுங்கள். ஓரம் வெட்டப்பட்டிருந்தால் அது காணாமல் போயிருக்கலாம். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், பழைய கைத்தாளில் நெருக்கமான கோடுகளும் அவற்றுக்குக் குறுக்கே இடைவெளி விட்ட கோடுகளும் தெரியும். அப்படி வரி இல்லாத வழவழப்பான தாள் ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே வந்தது. கீழே லத்தீன் எழுத்துகள் இருந்தால் படியுங்கள். ‘பின்க்ஸிட்’ என்றால் மூல ஓவியத்தைத் தீட்டியவர், ‘டெலினியாவிட்’ என்றால் வரைந்தவர், ‘ஸ்கல்ப்ஸிட்’ என்றால் செதுக்கியவர், ‘எக்ஸ்குடிட்’ என்றால் வெளியிட்டவர். ஒருவர் வரைந்ததை இன்னொருவர் செதுக்கியிருந்தால், கோட்டின் அழகு செதுக்கியவருடையது, காட்சியின் அமைப்பு வரைந்தவருடையது. விளக்கம் எழுதும்போது இருவரையும் குழப்பிவிடாதீர்கள்.

டிரைபாயிண்ட் கலந்த படம் என்றால் கருமையான இடங்களைக் கவனியுங்கள். வெல்வெட் போலக் கசிவு இருந்தால் தகடு புதிதாக இருந்தபோது எடுத்த பிரதி. சாம்பல் பூத்துக் கிடந்தால் பிந்தியது. ஒரே தகட்டின் இரு பிரதிகளில் மாலை நேரம் வேறு வேறாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். முடிந்தால் இரண்டு மியூசியங்களின் பிரதிகளைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடைசிப் படி: ஒரு பத்தி எழுதுங்கள்

நோட்டில் சேர்ந்த பெயர்கள், கோட்டின் வகை, வெள்ளை இருந்த இடம், ஆட்கள், வானிலை எல்லாவற்றையும் முன்னால் வைத்துக்கொண்டு ஒரே ஒரு பத்தி எழுதுங்கள். இப்போது உணர்ச்சிச் சொற்களுக்கு அனுமதி உண்டு. ஒவ்வொரு வாக்கியமும் தாளில் ஓர் இடத்தைச் சுட்டட்டும். என்னுடையது இது:

“இடப்பக்கம் விறைத்த கோடுகளாக மழை விலகிப் போகிறது. வலப்பக்கம் ஊசியே படாத தாள் வெளிச்சமாக நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே கரைமேல் மூன்று மரங்கள். அவை நனைந்த நிலத்தையும் ஒளியையும் ஒன்றாகப் பிடித்துவைத்திருக்கின்றன. கீழே ஒருவர் தூண்டிலைப் பார்க்கிறார், ஒரு பெண் துணைக்கு உட்கார்ந்திருக்கிறாள், புதருக்குள் இருவர் உலகத்துக்குத் தெரியாமல் இருக்கிறார்கள், வண்டி நிறைய ஆட்கள் எங்கோ போகிறார்கள். பெரிய வானம் அவர்களை எதுவும் செய்யவில்லை. மேட்டில் இருக்கும் ஓவியர் இவை எல்லாவற்றுக்கும் முதுகைக் காட்டி, நமக்குத் தெரியாத வேறொரு பக்கத்தைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறார்.”